இஸ்லாமியக் கட்டடக் கலையில் வடிவ கணிதம்

ஒரு தரையைச் சதுர ஓடுகளால் இடைவெளியின்றிப் பரப்பிவிடலாம். சமபக்க முக்கோணங்களாலும் முடியும். அறுகோணமும் இசையும் என்பதற்குத் தேன்கூடே சான்று. ஆனால் ஒழுங்கு ஐங்கோணம் இசையாது. அதன் உட்கோணம் 108 பாகை. ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று ஐங்கோணங்களை வைத்தால் 324 பாகை நிரம்பும். எஞ்சிய 36 பாகையில் நான்காவது நுழையாது. இத்தடை இருந்தும், ஈரான் நாட்டு மசூதிகளிலும் கல்லறை மாடங்களிலும் ஐங்கோணமும் பத்துமுனை விண்மீனும் சுவர் கொள்ளாமல் நிறைந்திருக்கக் காண்கிறோம். அந்த 36 பாகையைக் கைவினைஞர் என்ன செய்தனர் என்று ஆராய்வோம்.

முதலில் வேலை நடக்கும் முறை. ஈரானில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் சிறந்து விளங்கிய முறையில் ஓட்டின்மீது படம் தீட்டுவதில்லை. ஒவ்வொரு நிறப் பூச்சும் சூளையில் தனக்கேற்ற வெப்பத்தில்தான் ஒளிவிடும். ஆகவே நிறத்துக்கு ஓர் ஓடாகத் தனித்தனியே சுட்டு, பின்னர் அவற்றைக் கொத்தித் துண்டுகளாக்குவர். அத்துண்டுகளை வரைபடத்தின் மேல் முகம் கீழாக அடுக்கி, முதுகில் சாந்து ஊற்றி, இறுகியதும் பலகைபோல் தூக்கிச் சுவரில் பதிப்பர். ஸஃபவி மன்னர் காலத்தில், 1611-இல் தொடங்கிய இஸ்பஹான் ஷா மசூதி போன்ற பெருங்கட்டடங்களுக்கு, ஒரே ஓட்டில் பல நிறம் தீட்டிச் சுடும் முறை பெரிதும் பயன்பட்டது. விரைவு கிட்டியது, பழைய வேலையின் நிற ஆழம் கிட்டவில்லை என்பது என் எண்ணம்.

இனி 36 பாகைக்கு வருவோம். 2007-இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்னும் இரு இயற்பியலறிஞர் ஒரு விளக்கம் தந்தனர். பத்துக்கோணம், ஐங்கோணம், நீண்ட அறுகோணம், உடுக்கை போல் இடை குறுகிய ஓர் உருவம், சாய்சதுரம் ஆகிய ஐந்தே அச்சுகளைக் கொண்டு இவ்வேலைப்பாடுகள் பலவற்றை அமைக்கலாம் என்றனர். ஐந்துக்கும் பக்க அளவு ஒன்றே. கோணங்கள் யாவும் 36-இன் மடங்குகள். இரண்டு ஐங்கோணங்கள் சேர்ந்தால் 216 பாகை. அருகே 144 பாகையுள்ள பத்துக்கோணத்தை வைத்தால் 360 நிரம்பிவிடும். மூன்றாவது ஐங்கோணத்தை வைத்தால்தானே இடைவெளி!

அச்சுகளின்மேல் வரைந்த கோடுகள் பக்கங்களின் நடுப்புள்ளியில் ஒரே கோணத்தில் கடப்பதால், அடுத்த அச்சின் கோட்டோடு முறியாமல் சேரும். வேலை முடிந்தபின் தெரிபவை அக்கோடுகள் மட்டுமே. அச்சின் ஓரங்கள் மறைந்துவிடும். இது வெறும் ஊகமன்று. இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை நூலகத்தில் 114 வரைபடங்கள் கொண்ட, ஏறத்தாழ 29.5 மீட்டர் நீளமுள்ள பழஞ்சுருள் ஒன்றுண்டு. அதில் ஒரு படத்தில் இந்த ஓரங்கள் சிவப்புப் புள்ளிக் கோடுகளாகவே தென்படுகின்றன.

அவ்விருவரும் இன்னொன்றும் கூறினர். இஸ்பஹானில் 1453-இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தில் பெரிய அச்சுகளின் உள்ளே அதே வடிவச் சிறிய அச்சுகள் அடுக்கப்பட்டுள்ளன. ரோஜர் பென்ரோஸ் 1970-களில் கண்ட, ஒரே அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வராத ஓட்டுப் பரப்போடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. 3700 துண்டுகளில் 11 இடங்களில்தான் பிழை என்று கணக்கிட்டனர். இதைக் கொண்டு ஐந்நூறு ஆண்டு முன்னரே பென்ரோஸ் கண்டது அறியப்பட்டிருந்தது என்று முழங்குவோர் உளர். அவ்வளவு தூரம் செல்ல எனக்கு மனமில்லை. சுவருக்கு எல்லையுண்டு; எல்லையற்ற பரப்பில் அமைப்பு திரும்புமா என்ற வினா அக்கொத்தனுக்கு எழுந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அவனுக்குக் கணிதம் தெரியாதா? பாக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா அல் பூஸ்ஜானி (940–998) கைவினைஞருக்கென்றே வடிவ கணித நூல் இயற்றியவர். கணிதரும் கைவினைஞரும் கூடிய அவையொன்றில், மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்ற வினா எழுந்ததாக எழுதுகிறார். கைவினைஞர் காட்டிய வெட்டு கண்ணுக்குச் சரி, கணக்குக்குத் தவறு. கணிதர் காட்டிய வழி கணக்குக்குச் சரி; ஆனால் கத்தி வைக்க இடமில்லை. இருசாராரையும் கடிந்த அவர் தந்த விடையை வகுப்பிலேயே தாள் வெட்டிப் பார்க்கலாம். இரு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள். மூன்றாம் சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும், ஒரே சுற்றுத் திசையில், ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை மூலையிலிருந்து பொருத்துக. வெளியே நிற்கும் நான்கு செங்கோண முனைகளையும் கோட்டால் இணைத்து, கோட்டுக்கு வெளியே துருத்தும் நான்கு சிறு துண்டுகளை வெட்டி இடைவெளிகளில் வைத்தால் அச்சாகப் பொருந்தும். மொத்தம் 9 துண்டுகள்; பழைய பக்கம் 1 எனில், புதிய சதுரத்தின் பக்கம் √3.