புகார் வந்ததும் மிச்ச உணவைக் கொட்டிவிடலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் சிறிய அசைவ ஓட்டல் நடத்துகிறேன். எங்களிடம் பார்சல் வாங்கிச் சாப்பிட்ட குடும்பத்தில் இருவர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் இருக்கிறார்கள். மிச்ச உணவைக் கொட்டிவிட்டு, சிசிடிவி பதிவையும் அழித்துவிடச் சொல்கிறார்கள் நண்பர்கள். வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள்மீது மானநஷ்ட வழக்கும் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஓட்டல் உரிமையாளர் ஒருவர்

பதில்: எதையும் கொட்டாதீர்கள், அழிக்காதீர்கள். அந்த உணவின் விற்பனையை உடனே நிறுத்துங்கள். மிச்சத்தை மூடிய பாத்திரத்தில் தேதி, நேரம், ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் தனியாக வையுங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன் 80-ஆவது பிரிவு உங்களுக்கு ஓர் எதிர்வாதத்தைத் தருகிறது: குற்றம் நடவாமல் தடுக்க, நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று நிரூபிப்பது. நிரூபிக்கும் சுமை உங்களுடையது. கோழிக்கறி வாங்கிய பில், குளிர்பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பு, சமையல் மாஸ்டர் முதல் சப்ளையர் வரை எல்லோருக்குமான மருத்துவச் சான்று, அன்றைய சிசிடிவி பதிவு ஆகியவைதான் அதற்குச் சாட்சி. இவற்றை அழித்தால் உங்கள் வழக்கை நீங்களே அழிக்கிறீர்கள்.

மிச்ச உணவே நமக்கு எதிராகத் திரும்பினால் என்ன செய்வது என்று கேட்கலாம். திரும்பலாம்தான். ஆனால், பார்சலில் மிஞ்சியது அந்த வீட்டிலும் இருக்கலாம். மருத்துவமனைப் பதிவும் இருக்கிறது. உங்கள் கடையில் மட்டும் துடைத்துவிடுவதால் விசாரணை நிற்காது. உண்மையில் குற்றம் நடந்திருந்து, தண்டனையிலிருந்து தப்பிக்கத் தடயத்தை அழித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆவது பிரிவில் தனிக் குற்றமும் சேரும். மறுபுறம், நோய்க்குக் காரணம் உங்கள் உணவாக இல்லாமலும் இருக்கலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து 8 மணி நேரத்துக்குள் வாந்தியை உண்டாக்கும். சால்மோனெல்லா தொற்றோ 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை எடுத்துக்கொள்ளும். முந்தின நாள் வேறெங்கோ சாப்பிட்டதுதான் காரணம் என்று வாதிட வேண்டிவந்தால், உங்கள் உணவு சுத்தமானது என்று சொல்ல மாதிரி வேண்டாமா? பகுப்பாய்வு அறிக்கை பாதகமாக வந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவர்களை நேரில் பார்த்து நலம் விசாரிப்பதோ, மருத்துவச் செலவை ஏற்பதோ தன்னளவில் குற்ற ஒப்புதல் ஆகிவிடாது. ஆனால் ‘புகார் இல்லை’ என்று அவர்களிடம் எழுதி வாங்காதீர்கள். அது மிரட்டலாகப் பார்க்கப்படும். அந்தக் காகிதத்தால் அரசின் நடவடிக்கையும் நிற்காது. மானநஷ்ட வழக்கு இப்போது வேண்டாம். பொதுநலன் கருதி உண்மையைச் சொல்வது அவதூறு ஆகாது. உண்மை எதுவென்று ஆய்வகம் சொல்லும் முன் வழக்குத் தொடுத்தால், நோயாளியோடு சண்டைக்குப் போன கடை என்ற பெயர்தான் மிஞ்சும்.

ஒரு கடையின் மௌனத்துக்கு முழுத் தொழிலும் விலை கொடுக்க நேரும். 2023-இல் உங்கள் மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்தபோது, மற்றக் கடைகளிலும் ஷவர்மா விற்பனைக்குத் தடை வந்தது. பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடையை மாநிலம் முழுவதற்கும் தமிழக அரசு விதித்தது. யார் கவனமாக இருந்தார்கள் என்று தெரியாதபோது, மக்களைக் காக்க அரசுக்கு எல்லோரையும் நிறுத்துவதுதான் வழி. ஆகவே, மாவட்ட நியமன அலுவலருக்கு இன்றே எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.