அனுப்புநர் பெயர் யாருடையது?

பெருங்களத்தூர்

அன்புள்ள தங்கைக்கு,

சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு நிறுவனங்களின் எஸ்எம்எஸ்களை அனுப்பும் வேலையில் சேர்ந்திருக்கிறாய். நாட்டுக்கு ஒரு படிவம் கேட்கிறார்களே, இதெல்லாம் வீண் கெடுபிடி என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எஸ்எம்எஸ்ஸில் தொடக்கத்திலேயே இல்லாமல் போன பூட்டைத்தான் இந்த விதிகள் இப்போது மாட்டுகின்றன.

திரையின் மேலே தெரியும் அனுப்புநர் பெயர் அதிகபட்சம் 11 ரோமன் எழுத்துகள் கொண்ட ஒரு குறிப்பு, அவ்வளவுதான். அதைப் போட்டவர் அந்தப் பெயருக்கு உரியவரா என்று எஸ்எம்எஸ் தொழில்நுட்பம் சரிபார்ப்பதில்லை. கைப்பேசியோ ஒரே பெயரில் வருவதையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடும். 2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கிப் பெயரில் மோசடிக்காரர்கள் அனுப்பிய செய்திகள், வங்கியின் உண்மையான செய்திகளுக்கு அடியிலேயே போய் நின்றன. ஏறத்தாழ 790 பேர் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்பது அநியாயம். அனுப்பியவர் வங்கிதானா என்று அந்தப் பெயரைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. 2023 ஜனவரி 31 முதல் அங்கே பெயர்ப் பதிவு கட்டாயம். பதியாத பெயர் இருக்கும் இடத்தில், மோசடியாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை வரும். அமெரிக்காவில் எழுத்துப் பெயரே செல்லாது. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து அனுப்பவும் நிறுவனத்தையும் நோக்கத்தையும் பதிய வேண்டும்.

தாம்பரத்துச் சிறு வியாபாரி இத்தனை நாட்டிலும் பதிய முடியுமா என்று கேட்பாய். சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் திருடுபோனால் பெரிய வங்கி விளம்பரம் கொடுத்து எச்சரிக்கும், இழப்பைத் திருப்பியும் கொடுக்கும். சிறு வியாபாரிக்கு அந்த வசதி இல்லை, அதனால் பதிவு அவருக்குத்தான் அதிகம் தேவை. மோசடிக்காரனும் பதிந்துகொள்வானே என்பது இதைவிட வலுவான கேள்வி. நம் நாட்டிலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி நிறுவனம், ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (செய்தியின் வார்ப்பு) மூன்றையும் டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிந்த பிறகும் முறைகேடு நடந்தது. 2023 பிப்ரவரியில் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க டிராய் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆனால் எதைச் சரிபார்ப்பது, எதை முடக்குவது என்று டிராயால் சொல்ல முடிந்ததே பதிவேடு இருந்ததால்தான்.

அளவுக் கட்டுப்பாட்டையும் இதோடு சேர்த்துப் பார். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70 குறியீடுதான். நாம் ஐந்தெழுத்தாகப் படிக்கும் ‘தாம்பரம்’ அங்கே எட்டுக் குறியீடு, துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. 70ஐத் தாண்டினால் பகுதிகளை ஒட்டும் தகவலுக்கு இடம் போய், பகுதிக்கு 67தான் மிஞ்சும். கட்டணமும் பகுதிவாரியாக ஏறும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் இந்தக் கணக்குக்கு மாறிவிடும். செலவுக்குப் பயந்து நிறுவனத்தார் தங்கள் பெயரையும் காரணத்தையும் வெட்டிவிட்டு ஒரு சுருக்க இணைப்பை மட்டும் அனுப்பச் சொல்வார்கள். மோசடிச் செய்தியும் அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். அப்படி அனுப்பினால், பதிந்து வாங்கிய பெயரின் மதிப்பை நாமே கெடுத்துக்கொண்டதாகும். ஆகவே தமிழில் அனுப்பச் சொல்லும் நிறுவனத்துக்கு இரண்டு பகுதிக் கட்டணத்தை விலைப்பட்டியலில் முதலிலேயே போட்டுக் காட்டு. யார், எதற்காக எழுதுகிறார்கள் என்பது முதல் 67 குறியீட்டுக்குள் வந்துவிடட்டும்.

அன்புடன்,
அண்ணன்