தென்னைக்கு வரி, கையில் ஆயுதம்

கேள்வி: அமெரிக்கக் குடியேறிகள் வரியை எதிர்த்துப் போரில் இறங்கியதுபோல் இலங்கையில் நடந்ததுண்டா?
– வாசகர், மன்னார்

பதில்: உண்டு. ஒல்லாந்தரிடமிருந்து 1795இல் மன்னார் கோட்டையைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, கரையோரம் முழுவதையும் சென்னையிலிருந்தே ஆண்டது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு வருமானத்தை அள்ளிக் கொடுத்தும் அதற்குப் போதவில்லை. தென்னை மரம் ஒன்றுக்கு ஒரு பணம் வரி போட்டது. ஊழியத்துக்காக மானியமாக விடப்பட்டிருந்த நிலங்களின் விளைச்சலிலும் பங்கு கேட்டது. வரி தண்ட வந்த அமில்தார்களே நீதிபதிகளாகவும் இருந்ததால், முறையிட இடமில்லை. பதவியும் நிலமும் பறிபோன முதலியார்களும் குடியானவர்களோடு சேர, 1797இல் கலகம் மூண்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. 1775இல் துப்பாக்கி வெடித்தது. இங்கே கம்பெனி விசாரணைக் குழு அமைத்துப் பின்வாங்கியது. கேட்க ஆளில்லாத வரிதான் மக்களை ஆயுதம் தூக்க வைக்கிறது.