வேனிற்காலத்தில் வீட்டிலேயே போர்வை தைத்தல்

தை, மாசியில் அறுவடை முடிந்த பிறகு ஆடியில் மறுபடியும் ஏர் பூட்டும் வரையில், மானாவாரி ஊர்களில் குடியானவர் வீடுகளில் வேலை குறைவு. இலவங்காய் முற்றி வெடிப்பதும் இம்மாதங்களிலேதான். துணி உலர்த்துவதற்கு வெயிலும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆயினும் போர்வையைப் பற்றிய நினைவு, மார்கழிப் பனி முதுகில் விழுந்த பிறகே பெரும்பாலான குடும்பங்களுக்கு வருகிறது. அப்பொழுது கையில் ரொக்கமிராது. சந்தைக்கு வரும் கம்பளிக்காரரிடம் தவணைக்கு வாங்கி, விளைச்சலில் ஒரு பங்கை அந்தக் கடனுக்கே கொடுக்க நேரிடுகிறது. பெட்டியில் பழஞ்சேலைகள் கிடக்கையில் போர்வைக்காகக் கடன்படுவது சற்றும் அவசியமில்லாத செலவாகும்.

சித்திரையில் போர்வையா என்று நகைப்பவர் உண்டு. ஆனால் கோடை வெயில் செய்யும் வேலையை வேறெந்தக் காலமும் செய்யாது. அதே வெயில் தைப்பவருடைய உயிருக்கும் ஆபத்தாகக்கூடும். 2003-ஆம் வருஷம் மே 31-ந் தேதி, கடற்கரைப் பட்டினமாகிய சென்னையிலேயே உஷ்ணம் 45 பாகை செல்சியஸ் ஏறியது. ஆகையால் இவ்வேலையில் தையலைக் காட்டிலும் முக்கியமானது, எந்த நேரத்தில் எதைச் செய்வது என்பதேயாகும்.

முதலில் துணி. பலமுறை துவைத்து மிருதுவான நூல் சேலையே உத்தமம். வழவழப்பான செயற்கை இழைச் சேலைகள் வியர்வையை உறிஞ்சா. ஒன்றன்மேலொன்று நழுவித் தையலையும் கெடுக்கும். ஆறு கெஜச் சேலை ஒன்றை நான்காக மடித்தால், ஒன்றரை கெஜ நீளமும் சேலையின் அகலமுமுள்ள நாலடுக்குக் குழந்தைப் போர்வை கிடைக்கும். பெரியவர்களுக்கு இரண்டு சேலைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து அடுக்கினால் மூன்று கெஜ நீளத்தில் நாலடுக்கு ஆகும். நைந்த பாகம் உள்ளேயும், உறுதியான பாகமும் கரையும் வெளியேயும் அமைய வேண்டும். சாயம் போகும் சேலையை முன்னமே தனியாக நனைத்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால், முதல் மழைக்காலத்திலேயே போர்வை முழுவதும் ஒரே கறையாகிவிடும்.

துணிகளைச் சலவைச் சோடாவிட்டு வேகவைத்து அலசிய பின், தைப்பதற்கு முன்பாகவே வெயிலில் விரிக்க வேண்டும். இந்த முன்பின் முறையைப் பலர் கவனிப்பதில்லை. மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் 50 பாகை உஷ்ணத்தில் விரைவில் மடிகின்றன. காற்றின் உஷ்ணம் 40 பாகையாக இருக்கும் நடுப்பகலில், களத்துமேட்டிலோ மாடியிலோ ஒற்றையாக விரித்த துணி அதற்கு மேலும் பல பாகை சூடேறுகிறது. தைத்து முடித்த தடித்த போர்வையின் உள்ளடுக்குகளுக்கோ அச்சூடு எட்டுவதில்லை. பூச்சி நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்து தப்பிக்கொள்ளும். பழைய போர்வையை வெயிலிலிட்டும் பூச்சி போகவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள், அதனைத் திருப்பிப் போடாமல் விட்டிருப்பார்கள்.

துணி வெயிலில் கிடக்கும்போது அதற்குக் காவலாக யாரும் வெயிலில் நிற்கத் தேவையில்லை. நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு உள்ளே போய்விடலாம்.

வெறும் சேலையடுக்குப் போதாத மலையடிவாரத்து ஊர்களில் நடுவே பஞ்சு வைப்பதுண்டு. இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்றடைத்த ஒரு நுண்ணிய குழாய். அக்காற்றே தேகத்தின் சூட்டை வெளியேறவொட்டாமல் காக்கிறது. இழையின் மேலுள்ள மெழுகுத்தன்மையால் நீர் எளிதில் ஏறுவதில்லை. இக்காரணத்தாலேயே கப்பற்படையினரின் மிதவைச் சட்டைகளில் இதை நிரப்பினார்கள். 1942-இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் வசமாகி இலவம்பஞ்சு வரத்து நின்றபோது, அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எருக்கின் இனத்ததான ஒரு செடியின் காய்களைத் திரட்டி, அதன் பஞ்சை இதற்குப் பதிலாக உபயோகித்தனர். நம் தேசத்தில் போடிநாயக்கனூர் வட்டாரம் இலவம்பஞ்சுத் தொழிலுக்குப் பேர்போனது. ஒரு மரம் நிற்கும் வீட்டாரோ, கிளியைப் போலக் காய் வெடிக்கும்வரை காத்திருந்து, காற்றில் பறந்தது போக மிஞ்சியதையே பொறுக்குகின்றனர். நெற்று பழுப்பேறியதுமே பறித்து, மெல்லிய துணியால் மூடி வெயிலில் உலர்த்தினால் தானே வெடிக்கும். பஞ்சை ஆழமான கூடையிலிட்டு மத்தினால் மெதுவாகக் கடைந்தால், விதை கனத்தினால் அடியில் தங்கும். பஞ்சு மேலே எழும்பும்.

சங்கடம் இவ்விடத்தில்தான் உண்டாகிறது. இலவம்பஞ்சு சிறு காற்றுக்கும் பறக்குமாதலால், கடைவதையும் நிரப்புவதையும் சன்னலடைத்த அறையிலேயே செய்ய வேண்டும், விசிறியும் உதவாது. நடுப்பகலில் தகரக் கூரையின் கீழ் இப்படிப்பட்ட அறையில் ஒரு பெண் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது அடுப்பினுள் உட்கார்ந்திருப்பதற்கு ஒப்பாகும். எனவே பஞ்சு வேலையை விடியற்காலம் நான்கு மணி முதல் ஆறரை மணிக்குள் முடித்துவிடல் வேண்டும். மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ளலாம். காசநோய், இழுப்பு உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அறைக்கு வரலாகாது. அகல் விளக்கோ பீடியோ பக்கத்தில் இருக்கவே கூடாது. இலவம்பஞ்சில் பொறி விழுந்தால் வெடிமருந்து போலக் குப்பென்று பற்றிவிடும்.

காற்றின் உஷ்ணம் தோலின் உஷ்ணத்தைவிட மிஞ்சும்போது, வியர்வை உலர்வதொன்றே தேகத்தைக் குளிர்விக்கும் வழி. மடியில் கனத்த போர்வையைப் போட்டுக்கொண்டு தைப்பவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது. ஆகவே தையலை மாலை வெயில் தாழ்ந்த பின் திண்ணையில் வைத்துக்கொண்டு, போர்வையை மடியிலிடாமல் பாயில் விரித்து ஓரமாக அமர்ந்து தைக்க வேண்டும். பதினொன்று முதல் நான்கு மணி வரையில் ஊசியைத் தொடாதிருப்பது நலம். தாகமெடுக்கட்டும் என்று காத்திராமல் உப்பிட்ட நீர்மோரோ நீராகாரமோ அடிக்கடி பருக வேண்டும். தலைவலி, கிறுகிறுப்பு, கெண்டைக்கால் இழுப்பு ஆகியவை முதல் அறிகுறிகள். தேகம் நெருப்பாகக் கொதித்துப் பேச்சுக் குழறினால், அது வெப்பத்தாக்கு. வியர்வை நின்றிருந்தாலும் நில்லாவிட்டாலும் தாமதம் கூடாது. உடனே நிழலில் கிடத்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் விட்டு விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் தண்ணீர் வார்க்கலாகாது. காற்றுக் கறுப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டு காலத்தைப் போக்குவதும் தவறு.

தையல் முறை எளிது. அடுக்கைச் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய இழைகளாக முதலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து குவியும். பின்பு தேன்மெழுகு பூசிய முறுக்கு நூலால், விரலகல இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போடலாம். பஞ்சு வைத்த போர்வையில் நாலு விரலகலக் கட்டங்களாகத் தைத்தால் பஞ்சு ஒரு மூலையில் சேராது. நூலை வெடுக்கென்று இழுத்து இறுக்குதல் கூடாது. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றுத்தான் வெதுவெதுப்பைத் தருவது. இறுக்கிய போர்வை கனக்குமேயன்றிக் குளிர் தாங்காது. வங்காளத்துக் காந்தாப் போர்வைகளுக்குப் பழஞ்சேலைக் கரையிலிருந்தே வர்ண நூலை உருவியெடுத்தனர். பூவேலை செய்ய விரும்பும் பெண்களுக்கு அதுவே செலவில்லாத வழியாகும்.

இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் ஒரே திண்ணையில் முறைவைத்துத் தைத்தால் நூலை மொத்த விலைக்கு வாங்கலாம். ஒருவருக்குத் தலை சுற்றினால் மற்றவர் கவனிக்கவும் ஏதுவாகும். அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் 1966-இல் ஏழை நீக்ரோ வகுப்பினர் எனப்பட்ட கறுப்பினப் பெண்கள், தங்கள் வீட்டு ஒட்டுப்போர்வைகளை விற்பதற்கென ஒரு கூட்டுறவுச் சங்கமே அமைத்து, நியூயார்க் வரையில் விற்றனர். அச்சங்கம் 2012 வரையில் நிலைத்திருந்தது. நமது கிராமங்களில் விற்பனையைப் பற்றி யோசிப்பது இரண்டாவது காரியம். வீட்டிலுள்ள கிழவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆளுக்கொன்று ஆன பின்பு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இலவம்பஞ்சுப் போர்வையைத் தண்ணீரில் தோய்த்தால் பஞ்சு கட்டிதட்டும். ஆதலால் கழற்றித் துவைக்கத்தக்க மேலுறை ஒன்று போட்டு, போர்வையை வெயிலில் மட்டும் காய வைக்க வேண்டும். சேலையடுக்குப் போர்வையைத் துவைக்கலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை இருபுறமும் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே மடித்து, உலர்ந்த வேப்பிலையுடன் பெட்டியில் வைத்தல் நன்று. சூட்டோடு மடித்து மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நாலைந்து வருஷத்தில் மேல்துணி கிழிந்தால் போர்வையை எறிய வேண்டியதில்லை. அதையே நடுவடுக்காக வைத்து, மேலும் கீழும் ஒரு சேலையிட்டு, மறு சித்திரையில் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.