உறுப்பினர் பதிவேட்டிற்குக் கணினி மென்பொருள் தேர்வு செய்யும் முறை

திண்டுக்கல் சமவெளியில் அகரம், தாடிக்கொம்பு சுற்றுப்புற உழவர்கள் ஒன்றுகூடி விளைபொருளை விற்க முற்படும்போது முதலில் தேவைப்படுவது சரியான உறுப்பினர் பதிவேடாகும். யார் உறுப்பினர், எவ்வளவு பங்குத்தொகை செலுத்தினார், யாருக்கு ஓட்டு உண்டு என்பதற்கு அதுவே சான்று.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்காக, 2022ஆம் ஆண்டு மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டத்தின்படி பொதுவான மென்பொருள் உள்ளது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ தனக்கேற்றதைத் தானே தேர்வு செய்ய வேண்டும்.

கவனம் ஏன் தேவை?

2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் தேவை. உறுப்பினர் செலுத்தும் பங்குத்தொகைக்கு ஈடாக ஒருவருக்கு ரூ.2,000 வரையிலும், ஒரு நிறுவனத்திற்கு ரூ.15 இலட்சம் வரையிலும் மானியம் உண்டு. ஒருவர் பெயர் இருமுறை பதிவானாலும், செலுத்திய பங்கு விடுபட்டாலும் கணக்கு பொருந்தாது.

கவனிக்க வேண்டியவை

1. உறுப்பினர் எண்: ஓர் ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பர். எனவே ஒவ்வொருவருக்கும் தனி எண் இருக்க வேண்டும். பட்டா தந்தை பெயரிலும் சாகுபடி மகன் பெயரிலும் இருப்பின், இரண்டையும் தனித்தனியே குறிக்க இடம் வேண்டும்.

2. நியமனதாரர்: உறுப்பினரான மூன்று மாதத்திற்குள், தம் மறைவுக்குப் பின் பங்கு யாரைச் சேரும் என்று எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். இதற்கென ஒரு பத்தி இருக்கிறதா எனப் பார்க்கவும்.

3. திருத்தக் குறிப்பு: யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அழிக்க இயலாதபடி பதியும் கணக்கு மென்பொருளையே 1.4.2023 முதல் நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும். உறுப்பினர் பதிவிலும் இவ்வசதி இருப்பது நன்று.

4. விவரங்களைத் திரும்பப் பெறுதல்: எல்லா விவரங்களையும் எக்செல் கோப்பாக எடுக்க இயலுமா எனக் கேட்டு, அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும். இல்லையேல் விற்பனையாளர் தொழிலை நிறுத்தினால் பதிவேடும் போய்விடும்.

5. மொழியும் பாதுகாப்பும்: ரசீது தமிழில் வர வேண்டும். பணியாளர் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் தேவை. ஆதார், வங்கிக் கணக்கு எண்களை எல்லோரும் பார்க்க விடக்கூடாது.

6. செலவு: முதலாண்டு விலையுடன் புதுப்பிப்புக் கட்டணம், பயிற்சிச் செலவு ஆகியவற்றையும் கேட்டறியவும்.

சோதனை முறை

முதலில் காகிதப் பதிவேட்டைச் சரிசெய்யவும். பின்னர் 20 உறுப்பினர்களின் சென்ற ஆண்டுக் கணக்கை மென்பொருளில் ஏற்றிப் பார்க்கவும். இவர்களில் ஒரே பெயருடைய இருவரும், காலமான உறுப்பினர் ஒருவரும் இருத்தல் வேண்டும். பங்கும் பாக்கியும் காகிதக் கணக்குடன் ஒத்துவந்தால் மட்டுமே வாங்கலாம். அதன் பின்னும் ஒரு பருவம் வரை இரண்டையும் சேர்த்தே எழுதி வரவும். உறுப்பினர்களும் வரவு செலவும் குறைவாயின், உறுப்பினர் பட்டியலுக்கு எக்செல் கோப்பே போதுமானது.

ஆண்டுதோறும் பொதுக்குழுவிற்கு முன் உங்கள் பெயர், பங்கு, நியமனதாரர் விவரங்களை அச்சிட்டு வாங்கிச் சரிபாருங்கள். பிழையிருப்பின் உடனே எழுத்து மூலம் தெரிவித்து, உங்கள் பங்கையும் ஓட்டையும் காத்துக்கொள்ளலாம்.