புயலுக்கு முன் வீட்டுக்கும் காப்பீடு

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. டெல்டா மாவட்டங்களிலும் புதுக்கோட்டையிலும் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. ஏராளமான வீடுகள் சேதமாயின. பயிர்க் காப்பீட்டுக்குத் தவறாமல் பணம் கட்டும் விவசாயிகள் பலர், குடியிருக்கும் வீட்டை மறந்துவிடுகிறார்கள். பயிர்க் காப்பீட்டில் வீட்டுச் சேதத்திற்குப் பணம் கிடைக்காது. அதற்குத் தனிப் பாலிசி தேவை.

எந்தச் சேதத்திற்குக் கிடைக்கும்?

2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் உள்ளது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம், மண்சரிவு, இடி மின்னல், தீ ஆகியவற்றால் ஏற்படும் சேதம் இதில் அடங்கும். வீட்டின் மேல் தென்னை விழுந்தாலும் இழப்பீடு கோரலாம். இந்த ஆபத்துகளைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டும் சேரும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. வெள்ளம் வந்தாலும் மனை இருக்கும். கட்டடத்தைத்தான் திரும்பக் கட்ட வேண்டும். ஆகவே உட்பரப்பைச் சதுர அடியில் அளந்து, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 600 சதுர அடி வீடு, சதுர அடிக்குச் செலவு ரூ.1,800 என்று வைத்துக் கொண்டால், காப்பீட்டுத் தொகை ரூ.10,80,000 ஆகும். பிரீமியத்தை மிச்சப்படுத்த எண்ணித் தொகையைக் குறைத்து எழுதினால், வீடு முழுவதும் இடிந்தாலும் அந்தக் குறைந்த தொகைக்கு மேல் கிடைக்காது.

வீட்டுப் பொருள்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை, பட்டியல் தராமலே பாதுகாப்பு உண்டு. மேற்கண்ட வீட்டுக்கு இது ரூ.2,16,000. நகைகளுக்குத் தனியே கேட்டு எடுக்க வேண்டும். ரொக்கம் சேராது. கறவை மாடு, வயலில் உள்ள பம்புசெட், விற்பனைக்கு அடுக்கிய நெல் மூட்டை ஆகியவற்றை வீட்டுப் பாலிசியில் நம்பியிருக்கக் கூடாது; அவற்றுக்கு வேறு பாலிசிகள் உள்ளன.

விண்ணப்பத்தில் கவனம்

கூரை கீற்றா, ஓடா, காங்கிரீட்டா என்பதை உள்ளபடி எழுத வேண்டும். கீற்று வேய்ந்த வீட்டைக் காங்கிரீட் வீடு என்று எழுதிக் கொடுத்தால், இழப்பீடு கேட்கும் நேரத்தில் சிக்கல் வரும். வங்கிக் கடனில் கட்டிய வீடானால், வங்கி எடுத்துள்ள பாலிசி எவ்வளவு தொகைக்கு, பொருள்களும் அதில் உண்டா என்று கேட்டறிய வேண்டும்.

சேதம் நேர்ந்தால்

உடனே நிறுவனத்திற்குத் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுப் படிவத்தை, சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். இடிபாடுகளை அகற்றும் முன் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுப்பது அவசியம். மழைநீர் மேலும் இறங்காமல் தார்ப்பாய் போடலாம். சர்வேயர் பார்க்கும் வரை உடைந்த ஓடு, மரச்சட்டம், நனைந்த பொருள்களை எறிந்துவிடக் கூடாது. திருட்டு நடந்தால் காவல் நிலையத்தில் புகார் தர வேண்டும்.

பாலிசி நகலையும் வீட்டு வரி ரசீதையும் உறவினர் வீட்டில் ஒரு பிரதி வைத்திருப்பது நலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புரட்டாசி பிறக்கும் முன்பே பாலிசியைப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும்.