உயரம் கூட்டும் அறுவை சிகிச்சை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வரன் தேடும் விளம்பரத்தில் படிப்புக்கும் சம்பளத்துக்கும் நடுவில் உயரமும் இடம்பிடித்திருக்கும். தமிழ்நாடு காவலர் தேர்வில் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட பிரிவு ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும், ஒரு செ.மீ. குறைந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த ஏக்கத்தை வைத்துப் பிழைக்க முன்பு பவுடர்களும் மாத்திரைகளும் இருந்தன. இப்போது கால் எலும்பை வெட்டி உயரத்தைக் கூட்டும் அறுவை சிகிச்சையும் விளம்பரத்துக்கு வந்துவிட்டது. ‘முன்பு – பின்பு’ என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் கழிந்த மாதங்களின் படம் மட்டும் வருவதில்லை. அந்த மாதங்களைப் பற்றிப் பரவியிருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: அழகுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட நவீன சிகிச்சை இது.

உண்மை: இதற்கு எழுபது வயது ஆகிறது. அழகுக்கும் இதன் பிறப்புக்கும் தொடர்பில்லை. மேற்கு சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ் 1950-களில் உருவாக்கிய முறை இது. எலும்பு முறிந்து ஒட்டாமலே போனவர்கள், சீழ் பிடித்து எலும்பை இழந்தவர்கள், ஒரு கால் குட்டையாகிப் போனவர்கள்தாம் அவரிடம் வந்தார்கள். உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் உலக சாதனையும் 1964 டோக்கியோ ஒலிம்பிக் தங்கமும் வைத்திருந்த வலேரி புரூமெல், 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். அறுவை மேல் அறுவை செய்தும் ஆறாத அந்தக் காலை இலிசாரோவ் சரிசெய்த பிறகுதான் இந்த முறை சோவியத் நாடெங்கும் பேசப்பட்டது. நடக்க முடியாதவரை நடக்க வைக்கப் பிறந்த சிகிச்சையை, நன்றாக நடப்பவரின் காலில் செய்வதுதான் ‘அழகு அறுவை’. அபாயம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் முதலாமவருக்கு இழக்க அதிகமில்லை. இரண்டாமவருக்கு இரண்டு நல்ல கால்கள் இருக்கின்றன.

நம்பிக்கை 2: எலும்பை இழுத்து நீட்டுகிறார்கள்.

உண்மை: எலும்பு நீளாது, வெட்டப்படுகிறது. தொடை எலும்பையோ கீழ்க்கால் எலும்பையோ இரண்டாக்கி, அதைப் போர்த்தியிருக்கும் சவ்வை முடிந்தவரை காப்பாற்றி, ஐந்து முதல் ஏழு நாள் சும்மா விடுவார்கள். வெட்டிய இடத்தில் புது எலும்புக்கான திசு உருவாகத் தொடங்கும். அதன் பிறகு இரு துண்டுகளையும் நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. விலக்குவார்கள், அதையும் பெரும்பாலும் கால் கால் மி.மீ. ஆக நான்கு தடவையில். விலகும் இடைவெளியை உடம்பு புது எலும்பால் நிரப்பிக்கொண்டே வரும். வேகம் கூடினால் எலும்பு நிரம்பாமல் இடைவெளி வெறுமையாக நின்றுவிடும். வேகம் குறைந்தால் நினைத்த நீளம் வரும் முன்பே ஒட்டிக்கொள்ளும். மறுபடி வெட்ட வேண்டும். கீழ்க்காலில் செய்தால் பக்கத்தில் இருக்கும் மெல்லிய எலும்பையும் வெட்டியாக வேண்டும். இரண்டு காலுக்குமாகக் கணக்குப் போட்டால் நான்கு எலும்புகள்.

நம்பிக்கை 3: இரண்டு மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

உண்மை: முடிவது இழுக்கும் கட்டம் மட்டும். 5 செ.மீ. கூட்ட 50 நாள். முன்னால் காத்திருந்த ஒரு வாரத்தையும் சேர்த்தால் இரண்டு மாதம். அப்போது எக்ஸ்ரேயில் இடைவெளி வெறும் மேகம் போலத் தெரியும். அது உடம்பின் எடையைத் தாங்கும் எலும்பாக இறுக இன்னும் அதைவிட அதிக காலம் வேண்டும். காலைச் சுற்றி வெளியே வளையம் மாட்டி, தோலைத் துளைத்துச் செல்லும் கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் இலிசாரோவ் முறையில், ஒரு செ.மீ.க்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் வளையம் காலில் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் 5 செ.மீ.க்கு ஐந்தாறு மாதம். இந்தக் காலம் முழுக்க பிசியோதெரபி, கைத்தடி அல்லது சக்கர நாற்காலி, கழிப்பறைக்குப் போகக்கூடத் துணைக்கு ஆள். ஓடவும் குதிக்கவும் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சிலருக்குப் பழைய வேகம் திரும்புவதே இல்லை.

நம்பிக்கை 4: எலும்பு வளரும்வரை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம்.

உண்மை: இந்த அறுவையில் கொஞ்சம் ஒத்துழைப்பது எலும்பு ஒன்றுதான். எல்லையை வகுப்பவை அதைச் சுற்றியிருக்கும் தசை, தசைநாண், நரம்பு, மூட்டு ஆகியவை. எலும்பு நீள நீள, வில் பெரிதாகியும் நாண் பழைய அளவிலேயே நிற்பது போலத் தசை இறுகுகிறது. கீழ்க்காலை நீட்டினால் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் இழுபட்டு, பாதம் கீழ்நோக்கித் திரும்பிக்கொள்ளும். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கும் நிலை வரும். அதைச் சரிசெய்யத் தசைநாணை வெட்டி நீட்டும் இன்னொரு அறுவை தேவைப்படலாம்; அது காலின் உந்துவிசையைக் குறைத்துவிடும். தொடையை நீட்டினால் முழங்கால் மடங்க மறுக்கும். சம்மணமிட்டு உட்காருவதும் குந்தி உட்காருவதும் அன்றாடப் பழக்கமாக உள்ள நமக்கு இது சின்ன இழப்பில்லை.

நரம்பு இன்னும் மென்மையானது. முழங்காலுக்கு வெளிப்புறமாகச் சுற்றி இறங்கும் நரம்பு இழுபட்டால் பாதம் மரத்துப்போகும், எரியும், தூக்க முடியாமல் தொங்கிவிடும். உடனே கவனித்து இழுப்பதை நிறுத்தினால் பல சமயம் மீளும். அசட்டையாக விட்டால் மீளாமலும் போகும். மூட்டின் குருத்தெலும்போ மாதக்கணக்கில் கூடுதல் அழுத்தத்தைச் சுமக்கிறது.

இவற்றையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் ஒரு கட்டத்தில் கீழ்க்காலில் சுமார் 5 செ.மீ., தொடையில் 6 முதல் 8 செ.மீ. என்ற அளவைத் தாண்டத் தயங்குகிறார்கள். இருக்கும் எலும்பின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும்போது சிக்கல்கள் வேகமாகப் பெருகுகின்றன. தொடையிலும் கீழ்க்காலிலும் செய்து 12, 15 செ.மீ. தருவதாகச் சொல்பவர், அபாயத்தையும் இரண்டு தடவை தருகிறார். காலை நீட்டினாலும் கையும் உடற்பகுதியும் அதே அளவில்தான் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

நம்பிக்கை 5: இப்போது வெளி வளையத்துக்குப் பதில் ஆணி எலும்புக்குள்ளேயே இருக்கிறது, ஆபத்து போய்விட்டது.

உண்மை: குறைந்திருக்கிறது, போகவில்லை. எலும்பின் உட்குழாய்க்குள் பொருத்தி, வெளியிலிருந்து காந்தக் கருவியால் நீட்டும் ‘பிரிசைஸ்’ ஆணி 2011-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. தோலைத் துளைத்துக் கம்பிகள் நிற்காததால் கம்பி நுழையும் துளைகளில் வரும் தொற்றும் தழும்பும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தசையும் நரம்பும் மூட்டும் படும் இழுப்பு அதேதான். டைட்டானியம் ஆணியின் மேல் முழு எடையை ஊன்றக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது.

அதைத் தீர்க்க, கூடுதல் எடை தாங்கும் எஃகில் ‘ஸ்ட்ரைட்’ என்ற ஆணி 2018-ல் வந்தது. ஊன்றி நடந்துகொண்டே உயரமாகலாம் என்பதால் அழகு அறுவைக்காரர்கள் கொண்டாடினார்கள். சில ஆண்டுகளிலேயே ஆணியின் இணைப்புப் பகுதியில் அரிப்பும், அதைச் சுற்றிய எலும்பில் மாற்றங்களும் தென்பட்டன. 2021-ல் உற்பத்தி நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. எந்த ஆணியானாலும் எலும்பு இறுகிய பின் அதை வெளியே எடுக்க இன்னொரு அறுவை உண்டு. விளம்பரச் செலவுக் கணக்கில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை 6: சிக்கல் வந்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

உண்மை: சிலவற்றைச் செய்யலாம். எல்லாவற்றையும் அல்ல. இந்தத் துறையில் பெயர்பெற்ற மருத்துவர் ட்ரோர் பேலி 1990-லேயே இதில் நேர்பவற்றை மூன்றாகப் பிரித்தார்: அறுவையில்லாமல் தீர்பவை, மறுபடி அறுத்துத் தீர்ப்பவை, சிகிச்சை முடிந்த பின்பும் தீராமல் தங்குபவை. எலும்பு ஒட்டாமை, வளைந்து ஒட்டுதல், எலும்புக்குள் தொற்று, மூட்டு இறுக்கம், தீராத வலி ஆகியவற்றில் எது எந்த வகையில் போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உயிருக்கே ஆபத்தானவையும் உண்டு. கால் சிரைகளில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகலாம். தொடை எலும்பின் உட்குழாயைத் துளைக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து மூச்சை அடைக்கலாம். புகைப்பவர்களுக்குப் புது எலும்பு உருவாவது தாமதமாகும்.

அழகுக்காகச் செய்யப்பட்ட கால் நீட்டல்களால் பலர் ஊனமானதை அடுத்து, 2006-ல் சீனாவின் சுகாதார அமைச்சகம் அதைத் தடைசெய்து, மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது.

நம்பிக்கை 7: வீட்டுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம்.

உண்மை: 2016-ல் ஹைதராபாத்தில் ஓர் இளைஞர் பெற்றோரிடம் சொல்லாமல் இந்த அறுவையைச் செய்துகொண்டார். அவரைத் தேடி அலைந்த பெற்றோர் மருத்துவமனையில் கண்டபோது அது நாடறிந்த சர்ச்சையானது. வயது வந்தவர் தன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கலாம்; அதில் தகராறு இல்லை. ஆனால் மாதக்கணக்கில் தூக்கி உட்கார வைக்க, மருந்து கொடுக்க, பிசியோதெரபிக்கு அழைத்துப் போக ஆளில்லாமல் இது நடக்காது. வெளிநாட்டில் செய்துகொண்டு பாதியில் ஊர் திரும்புபவருக்குச் சிக்கல் வரும்போது, அறுத்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

நம்பிக்கை 8: உயரம் கூடினால் தன்னம்பிக்கை வரும், வேலையும் வரும்.

உண்மை: திருப்தியடைந்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தன் உடம்பில் ஏதோ பெருங்குறை இருப்பதாக ஓயாமல் வதைபடும் மனநிலை ஒரு நோய். அதற்கு அறுவை மருந்தல்ல. ஒரு குறை போனால் மனம் இன்னொன்றைக் கண்டுபிடிக்கும். முன்கூட்டி மனநல மருத்துவரிடம் அனுப்பாமல் கத்தி எடுப்பவரிடம் போகாதீர்கள். காவலர் தேர்வைப் பொறுத்தவரை, அளவுகோலைத் தாண்டினாலும் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், மருத்துவப் பரிசோதனையிலும் தேற வேண்டும். வெட்டி ஒட்டிய கால்கள் அங்கே உதவாது.

நம்பிக்கை 9: அறுவை வேண்டாமென்றால் மாத்திரை, பவுடர், கம்பியில் தொங்குவது இருக்கிறதே.

உண்மை: எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் பதின்பருவத்தின் இறுதியில் மூடிக்கொண்ட பிறகு இவை எதுவும் உயரம் தராது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் தராது. கை, பாதம், தாடையைப் பெரிதாக்கும் வேறு நோயைத்தான் தரும். காலையில் கொஞ்சம் உயரமாகவும் மாலையில் கொஞ்சம் குட்டையாகவும் இருப்பது முதுகுத்தண்டு வட்டுகளின் வேலை. தொங்குபவர்கள் கண்டு மகிழ்வது அதைத்தான்.

அப்படியானால் யாருக்கு இந்த அறுவை? இரண்டு கால்களின் நீளம் கணிசமாக வேறுபடுபவர்கள், விபத்தில் எலும்பு இழந்தவர்கள், பிறவியிலேயே எலும்பு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களிலும் 2 செ.மீ.க்கு உட்பட்ட வேறுபாட்டுக்கு மருத்துவர்கள் முதலில் தருவது செருப்புக்குள் வைக்கும் அட்டைதான். ஊனத்துக்கே இவ்வளவு யோசிக்கும் சிகிச்சையை ஆசைக்காகக் கேட்பவர், குறைந்தபட்சம் நான்கு கேள்விகளை எழுத்துப்பூர்வமாகக் கேட்கட்டும்: இந்த அறுவையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது? ஆணி எடுப்பது உட்பட மொத்தச் செலவு என்ன? நரம்பு பாதித்தால் யார் பொறுப்பு? தெளிவான பதில் வராத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நலமாக நடக்கும் கால்களைச் சில செ.மீ.க்காகப் பணயம் வைக்க மருத்துவத்தில் எந்த அவசியமும் இல்லை.